நெல்லுக்கு மருந்து அடிப்பதற்கு முன்: பூச்சியை எண்ணுவதிலிருந்து காலி பாட்டில் வரை

எங்கள் மன்னார்குடிப் பக்கம் சம்பா பயிர் பொதி கட்டும் (கதிர் வெளிவரும் முன் தண்டுக்குள் பருக்கும்) நேரம் வந்துவிட்டால் டீக்கடையில் ஒரே கேள்விதான்: "அண்ணே, என்ன மருந்து அடிச்சீங்க?" உங்கள் வயலில் எத்தனை பூச்சி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

மருந்தே கூடாது என்று சொல்கிற ஆள் நானில்லை. 1960களில் ஆடுதுறை 27, அதன் பின்னாலேயே பிலிப்பைன்ஸில் உருவாக்கி 1966இல் வெளிவந்த ஐ.ஆர். 8 என்று அதிக விளைச்சல் ரகங்கள் வந்த பிறகுதான் எங்கள் வீட்டுக் குதிர் நிறைந்தது என்று அப்பா சொல்வார். நாம் போடும் யூரியாவுக்கு அடிப்படை, காற்றிலிருக்கும் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்ற ஃபிரிட்ஸ் ஹேபர் கண்டுபிடித்த வழி. அதே ஹேபர்தான் 1915இல், முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் குளோரின் வாயுவைத் திறந்துவிட முன்னால் நின்றவர். 1984இல் போபாலில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற வாயுவும் பூச்சிக்கொல்லி தயாரிக்க வைத்திருந்ததுதான். இதையெல்லாம் கேட்டு விஞ்ஞானமே வேண்டாம் என்று ஒதுங்கவும் முடியாது, பாட்டிலை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றவும் கூடாது. பார்ப்பது, எண்ணுவது, அதன் பிறகு முடிவெடுப்பது, இதுவும் விஞ்ஞானம்தான். இந்தப் பகுதி கடையில் விற்பதில்லை என்பதால் நாம் விட்டுவிடுகிறோம்.

நெல் தண்டில் சாறு உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சியான புகையானை எடுத்துக்கொள்வோம். நம்மை அதிகம் பயமுறுத்துவது அதுதான். வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது. காலையில் வயலுக்குள் இறங்கி, ஓரத்தை விட்டுவிட்டு, மூலைக்கு மூலை குறுக்கே நடந்து, அங்கங்கே இருபது குத்தாவது (ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்து) பாருங்கள். குனிந்து, பயிரை இரண்டு கையாலும் விலக்கி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே அடித்தண்டைப் பாருங்கள். குத்தின் மேல் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாகத் தண்ணீரில் விழும். விழுந்த வேகத்தில் பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி தண்டில் ஏறிக்கொள்ளும். அதை எண்ணுங்கள். அந்தக் குத்தில் எத்தனை தூர், அதாவது கிளைத்து வந்த தண்டு, என்பதையும் எண்ணுங்கள். கூடவே, தண்ணீர் மேல் ஓடுகிற சிலந்தி இருக்கிறதா என்று பாருங்கள்.

வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு இது: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி இருந்தால் மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு பூச்சி வரும்வரை பொறுக்கலாம். அவ்வளவுக்கு அந்தச் சிலந்தி வேலை செய்கிறது.

இதை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும்? புகையான் முட்டையிடுவது இலையுறைக்கு உள்ளே. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மாதிரி மருந்தை அடித்தால் மேலே இருக்கிற பூச்சி சாகும், சிலந்தியும் சாகும், முட்டை தப்பித்துவிடும். ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சு பொரிக்கும்போது அதைத் தின்ன வயலில் ஆளில்லை. மருந்து அடித்த வயல்தான் முதலில் வட்டம் வட்டமாகத் தீய்ந்து போகும். இந்தோனேசியாவில் நாடு முழுக்க இந்தக் கூத்து நடந்தது. மானிய விலையில் மருந்து கொடுத்துக் கொடுத்துப் புகையான் பெருகிப்போக, 1986இல் அந்த அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. விளைச்சல் படுத்துவிடவில்லை. விவசாயிகளை வயலில் உட்கார வைத்துப் பூச்சி பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

எண்ணிக்கை எல்லையை நெருங்கினால் முதலில் தண்ணீரை வடித்து மூன்று நான்கு நாள் காயவிடுங்கள். யூரியாவை நிறுத்துங்கள். நடவின்போதே எட்டடிக்கு ஒரு அடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டிருந்தால் தூருக்கு வெளிச்சமும் காற்றும் போகும், இந்தத் தொல்லை பாதி குறையும். மருந்துக்கான எல்லை இலைச்சுருட்டுப் புழுவுக்கு, வளரும் பயிரில் நூற்றுக்குப் பத்து இலை சேதம், பூக்கும் சமயத்தில் கண்ணாடி இலையில் (கதிரை ஒட்டிய கடைசி இலை) நூற்றுக்கு ஐந்து. குருத்துப்பூச்சிக்கு, நூற்றுக்குப் பத்து நடுக்குருத்து காய்ந்திருந்தால். அதற்குக் கீழே என்றால் வீட்டுக்குத் திரும்பிப் போகலாம்.

எல்லை தாண்டிவிட்டதா, தயங்காமல் அடியுங்கள். கடையில் பாட்டிலைத் திருப்பி முக்கோண நிறத்தைப் பாருங்கள். சிவப்பு கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. இலைச்சுருட்டுக்குப் பச்சை முக்கோணத்திலேயே குளோரான்ட்ரனிலிப்ரோல் கிடைக்கிறது. புகையானுக்குச் சிலந்தியை அவ்வளவாகத் தொடாத பைமெட்ரோசின் இருக்கிறது. இதுவும் அதே விஞ்ஞானம் கொடுத்ததுதான், கேட்டு வாங்குங்கள். "இதையும் ஒரு மூடி சேர்த்து அடிங்க" என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாட்டிலோடு வரும் தாளில் போட்ட அளவுதான் அளவு. மருந்து தூருக்குப் போய்ச் சேர வேண்டும், மேலாக நனைத்துவிட்டு வந்தால் பணம்தான் வீண்.

அடிக்கிறவரைப் பற்றி எனக்கு மனம் ஆறுவதே இல்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி பேசி, கைலியை மடித்துக் கட்டி, வெறுங்கையால் மருந்தைக் கலக்கி, நாசில் அடைத்தால் வாயால் ஊதுகிறார்கள். 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மருந்து பெரும்பாலும் தோல் வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது. ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, முகத்துக்கு மறைப்பு, இவற்றை வயல்காரர் வாங்கிக் கொடுக்க வேண்டும். அது நம் செலவு. டேங்க் ஒழுகினால் அன்றைக்கு வேலை கிடையாது. வெயில் ஏறும் முன்போ சாயங்காலமோ, காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று அடிக்கச் சொல்லுங்கள். இடையில் பீடி, வெற்றிலை கூடாது. முடிந்ததும் சோப்பு போட்டுக் குளியல், துணி தனியாகத் துவைக்க வேண்டும்.

அதிக வியர்வை, வாயில் எச்சில் ஊறுவது, வாந்தி, கண் மங்கல், சதை துடிப்பது, இதில் எது வந்தாலும் களைப்பு என்று விடாதீர்கள். துணியைக் கழற்றி உடம்பைக் கழுவி, 108ஐக் கூப்பிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். பாட்டிலைக் கையோடு கொண்டு போங்கள். எங்கள் தெருவில் ஒருவர் வரப்பில் விழுந்தபோது அவர் மருமகன் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஓடியதால், என்ன மருந்து என்று தேடாமல் டாக்டர் உடனே விஷமுறிவான அட்ரோபின் ஊசியைத் தொடங்க முடிந்தது.

காலி பாட்டிலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றி, பாட்டிலில் ஓட்டை போட்டுவிடுங்கள். வாய்க்காலில் எறிந்தால் கீழ்மடைக்காரர் குளிக்கிற தண்ணீர் அது. அடித்த தேதியை ஒரு நோட்டில் குறித்து, அறுவடைக்கு எத்தனை நாள் விட வேண்டும் என்று தாளில் போட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். நாள் நிறையாமல் மிஷின் இறக்காதீர்கள். நெல் நம் உலைக்கு, வைக்கோல் மாட்டுக்கு.