விமானத்திலிருந்து ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் தேடல்: திட்டமிடுவது, பறப்பது, குறிகளைச் சலிப்பது

ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா தரையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளியைப் பல குறுகிய அலைநீளப் பட்டைகளாக (பேண்ட்) பிரித்துப் பதிவு செய்யும்; அந்தப் பட்டைகளில் ஒரு பொருள் ஒளியைத் திருப்பும் விதமே அதன் நிறமாலை. காணாமல் போன ஆளையோ விழுந்த விமானத்தையோ இந்தக் கேமரா நேரடியாகக் கண்டுபிடித்துத் தராது. பரந்து கிடக்கும் நிலத்தில் எந்தச் சில இடங்களை முதலில் கண்ணால் பார்க்க வேண்டும் என்று குறி காட்டும், அவ்வளவுதான். அந்தக் குறிகள் எத்தனை வரும், அவற்றைச் சரிபார்க்க ஆளும் நேரமும் இருக்கிறதா என்பதை வைத்தே கீழே உள்ள எல்லா முடிவுகளும் எடுக்கப்படுகின்றன.

முதலில், இது பயன்படுமா?

சென்சார் பதிவு செய்வது பொருளில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை. ஆகவே இரவில் பயனில்லை. அதற்கு வெப்பக் கேமராதான். அடர்ந்த மரக்கூரைக்குக் கீழே இருப்பதும், நீரில் மூழ்கியதும் தெரியாது. திறந்த கடல், பாலை, பாறைச் சரிவு, புல்வெளி, பனி நிலம் ஆகியவை ஏற்றவை. வானம் முழுக்க ஒரே சீராக மூடியிருந்தால்கூடச் சமாளிக்கலாம். விட்டுவிட்டு நகரும் மேகங்கள்தான் தொல்லை: ஒரே பாறை வெயிலில் ஒரு நிறமாலையும் நிழலில் வேறொன்றும் தரும். நிழலில் விழுவது வானத்தின் நீல ஒளி மட்டும் என்பதே காரணம்.

2007 செப்டம்பரில் நெவாடாவில் புறப்பட்ட அமெரிக்கச் சாகசக்காரர் ஸ்டீவ் ஃபாசெட்டின் சிறுவிமானம் காணாமல் போனபோது, அமெரிக்க விமானப் படையின் தன்னார்வத் துணை அமைப்பான சிவில் ஏர் பட்ரோல் தன் ஆர்ச்சர் என்ற ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கருவியையும் அந்தத் தேடலில் இறக்கியது. விமானம் அப்போது அகப்படவில்லை. அடுத்த ஆண்டு ஒரு மலையேற்றக்காரர் அவருடைய அடையாள அட்டைகளைக் கண்டெடுத்த பிறகுதான், கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் சிதறிய பாகங்கள் கிடைத்தன. எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும், தேடும் பரப்பைக் குறுக்கும் மற்றத் தகவல்கள் இல்லாமல் அதை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது.

இலக்கின் நிறமாலையைத் தயார் செய்வது

காணாமல் போனவர் அணிந்திருந்த அதே வகை உடை, அதே மாதிரி லைஃப் ஜாக்கெட், அதே பெயின்ட் பூசிய தகடு என எது கிடைத்தாலும் கள நிறமாலைமானியால் அளந்து வையுங்கள். உலர்ந்த நிலையிலும் நனைந்த நிலையிலும் தனித்தனியாக, துணி என்றால் இரண்டு பக்கமும். நனைந்த துணி கறுத்துவிடும். நிறமாலையின் வடிவம் பெரும்பாலும் மாறாது, உயரம் மாறும்.

ஒளிரும் ஆரஞ்சுத் துணியை அறைக்குள் ஹாலஜன் விளக்கில் அளக்காதீர்கள். அந்தச் சாயம் நீல, பச்சை ஒளியை உறிஞ்சி 600 நானோமீட்டர் பக்கம் உமிழ்கிறது. ஹாலஜனில் நீலம் குறைவு என்பதால் உமிழ்வும் குறைவாகப் பதிவாகும். வெயிலில் அளந்தால் அதே இடத்தில் எதிரொளிப்பு 100 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. அது கருவிப் பிழை அல்ல. அப்படியே இலக்கு நிறமாலைகளின் தொகுப்பில் (நூலகம்) சேருங்கள்.

பச்சைக் கூடாரம் புல்லில் மறையும் என்பது கண்ணுக்குத்தான். இலைக்கு 680 நானோமீட்டரில் குளோரோஃபில் பள்ளமும், அங்கிருந்து 740 வரை செங்குத்தான ஏற்றமும் உண்டு. சாதாரணப் பச்சைச் சாயத்துக்கு அந்த ஏற்றம் அதே இடத்தில், அதே வடிவில் வராது. வெள்ளைப் பெயின்ட்தான் உண்மையில் சிக்கல். 450 முதல் 1000 வரை ஏறக்குறையத் தட்டையாக இருப்பதால் உப்புத்தரை, வெளிர் பாறை, அலை நுரை எல்லாமே அதற்குப் பொருந்தும். குறுஅலை அகச்சிவப்பு வரை பார்க்கும் சென்சார் கைவசம் இருந்தால் பிளாஸ்டிக்குகளின் 1730, 2310 நானோமீட்டர் உறிஞ்சல்கள் கைகொடுக்கும். இல்லாவிட்டால் வெள்ளைக்கு ஒப்பிட்டுத் தேடுவதை விட்டுவிட்டு, சுற்றுப்புறத்திலிருந்து விலகியதைத் தேடும் முறைக்குப் போங்கள்.

உயரம், வேகம், கோடுகள்

ஆர்ச்சரின் அமைப்பை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்: சுமார் 500 முதல் 1100 நானோமீட்டர் வரை 52 பேண்ட், தரையிலிருந்து 2,500 அடி உயரம், ஏறத்தாழ 100 நாட் (நொடிக்குச் சுமார் 50 மீட்டர்) வேகம், ஒரு மீட்டர் பிக்சல், ஒரு பறப்பில் பதிவாகும் 500 மீட்டருக்குச் சற்று கூடுதலான அகலம். கூடவே சுமார் 8 சென்டிமீட்டர் நுணுக்கம் தரும் ஒரு கறுப்பு வெள்ளைக் கேமரா.

குறுக்குவாட்டுப் பிக்சல் அளவு, ஒரு பிக்சலின் பார்வைக் கோணத்தை உயரத்தால் பெருக்கினால் வரும்: 1 மில்லிரேடியன், 750 மீட்டர் என்றால் 75 சென்டிமீட்டர். கேமரா படத்தை வரி வரியாகப் பதிவதால், நெடுவாட்டில் வேகத்தைப் பதிவு வீதத்தால் (நொடிக்கு எத்தனை வரி) வகுக்க வேண்டும்: நொடிக்கு 50 மீட்டர், 50 வரி என்றால் ஒரு மீட்டர். பின்காற்றில் தரைவேகம் நொடிக்கு 65 மீட்டர் ஆனால் அதே வீதத்தில் வரிக்கு வரி 1.3 மீட்டர் நகர்ந்துவிடும். திட்டத்தில் காற்றுவேகத்தை அல்ல, தரைவேகத்தைப் போடுங்கள்.

பிக்சலைவிட இலக்கு சிறிதாக இருப்பது சகஜம். நீரில் மிதப்பவரின் ஜாக்கெட் வெளியே தெரிவது 0.15 சதுர மீட்டர் என்று வைத்தால், ஒரு மீட்டர் பிக்சலில் அது 15 சதவீதம். நான்கு பிக்சல்கள் சந்திக்கும் மூலையில் விழுந்தால் ஒவ்வொன்றிலும் 4 சதவீதம்தான், பெரும்பாலும் கைநழுவிப் போகும். இத்தகைய தேடலில் பாதி உயரத்துக்கு இறங்கி, பதிவு வீதத்தையும் இரட்டிப்பாக்குங்கள். அகலம் பாதியாகும், பறக்கும் நேரம் இரட்டிப்பாகும். வேறு குறுக்கு வழி கிடையாது.

அடுத்தடுத்த பறப்புக் கோடுகளின் படங்கள் 30 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி வையுங்கள். 500 மீட்டர் அகலத்தில் கோட்டு இடைவெளி 350 மீட்டர் ஆகும். நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் திருப்பங்கள் நீங்கலாக மணிக்கு 63 சதுர கிலோமீட்டர். கோடுகள் குட்டையாக இருந்தால் திருப்பங்களே இதில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

கடலில் சூரியனை நோக்கியோ அதற்கு நேர் எதிராகவோ பறக்கவும். குறுக்கே பறந்தால் படத்தின் ஒரு ஓரம் முழுக்கப் பளபளப்பில் வெளிறிவிடும். சூரியன் 30 முதல் 55 பாகை உயரத்தில் இருக்கும் நேரம் நல்லது. நுரையும் பளபளப்பும் எல்லா அலைநீளத்திலும் சேர்ந்தே உயரும். ஆரஞ்சு ஜாக்கெட்டோ 520-ல் தாழ்ந்தும் 620-ல் உயர்ந்தும் நிற்கும். இந்த இரண்டின் விகிதம் ஒன்றே பாதிப் போலிகளைக் கழித்துவிடும்.

பறப்பதற்கு முன்னும் பறக்கும்போதும்

கருவி சூடேறி நிலைப்படும் வரை காத்திருங்கள். பிறகு, எதிர்பார்க்கும் மிக வெளிச்சமான பரப்பு அளவின் உச்சத்தைத் தொடாதபடி ஒளியேற்பு நேரத்தை அமைக்கவும். பனியிலும் வெண்மணலிலும் இதை மறந்தால் பாதி பேண்டுகள் தட்டையாகி வெட்டுப்படும். பின்னால் எந்தச் செயலாக்கமும் அதை மீட்காது. ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் மூடியை அடைத்து இருள் பதிவு எடுங்கள். சென்சார் சூடேறச் சூடேற இருள் மட்டம் ஏறும். ஒரே பதிவை வைத்து ஓட்டினால் படத்தில் நெடுக்குக் கோடுகள் தோன்றி, அவையே குறிகளாக எண்ணப்படும்.

அருகில் தரைக்குழு இருந்தால் கறுப்பு, சாம்பல் நிறங்களில் எதிரொளிப்பு அளந்த இரண்டு விரிப்புகளை விரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் குறைந்தது 5 பிக்சலுக்கு 5 பிக்சல். சென்சார் எண்களை எதிரொளிப்பாக மாற்ற அவை போதும்.

விமானத்தின் சாய்வை அளக்கும் நிலைமானியின் பிழை 0.05 பாகை என்றால் 750 மீட்டர் உயரத்தில் தரையில் 65 சென்டிமீட்டர் தள்ளும். ஒரு பாகை என்றால் 13 மீட்டர். கேமராவைக் கழற்றி மாட்டினால் அதற்கும் நிலைமானிக்கும் உள்ள கோண வேறுபாட்டை மறுபடி அளந்தாக வேண்டும்: ஒரே சாலைச் சந்திப்பின் மேல் எதிரெதிர்த் திசைகளில் பறந்து, இரண்டு படங்களிலும் அது ஒரே இடத்தில் விழுகிறதா பாருங்கள்.

குறிகளைச் சலிப்பது

பெரும்பாலான தேடல்கள் சொதப்புவது இங்கேதான். வரிக்கு 500 பிக்சல், நொடிக்கு 50 வரி என்றால் நொடிக்கு 25,000 பிக்சல்கள் வருகின்றன. எந்த மதிப்பெண்ணைத் தாண்டினால் ஒரு பிக்சலைக் குறியாக எடுப்பது என்ற எல்லையை (வாசல்) லட்சத்தில் ஒன்று போலிக் குறி வரும்படி வைத்தால் நான்கு நொடிக்கு ஒரு குறி. கருவியை இயக்கும் எவராலும் அதைப் பார்த்து முடிக்க இயலாது. பத்து நிமிடத்தில் பார்க்காமலே தள்ளத் தொடங்குவார். பத்து லட்சத்தில் ஒன்று என்றால் 40 நொடிக்கு ஒன்று, இதைத் தாங்கலாம்.

வாசலை நூல்களில் உள்ள சமன்பாட்டிலிருந்து எடுக்காதீர்கள். அவை பின்னணி சீராகப் பரவியிருப்பதாகக் கொள்கின்றன. நிஜ நிலத்தில் அரிதான பாறைகளும் கூரைகளும் எதிர்பார்த்ததைவிட அதிகம். இலக்கு இல்லை என்று தெரிந்த ஒரு பகுதியில் முதல் கோட்டைப் பறந்து, அங்கு கிடைத்த மதிப்பெண்களை வரிசைப்படுத்தி வாசலைக் குறித்துக்கொள்ளுங்கள். நிலவகை மாறினால் திரும்பவும் செய்யுங்கள்.

இலக்கின் நிறமாலை நம்பகமாக இருந்தால் ஒவ்வொரு பிக்சலையும் அதனோடு ஒப்பிடும் பொருத்து வடிகட்டி. இல்லையென்றால் ஆர்எக்ஸ் எனும் விலகல் கண்டறிமுறை. ஆர்எக்ஸ் ஒவ்வொரு பிக்சலையும் அதன் பின்னணியோடு ஒப்பிடும்; வெளிச் சாளரத்துக்கும் உள் சாளரத்துக்கும் இடைப்பட்ட பிக்சல்களே அந்தப் பின்னணி. உள் சாளரம் இலக்கைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இலக்கே பின்னணிக் கணக்கில் கலந்து தன்னைத் தானே மறைத்துக்கொள்ளும். வெளிச் சாளரம் 21-க்கு 21, உள் சாளரம் 5-க்கு 5 என்றால் மிஞ்சுவது 416 பிக்சல். 52 பேண்டுக்கு இது எட்டு மடங்கு, போதும். 200 பேண்ட் சென்சாருக்கு இதே சாளரம் போதாது. முதலில் பேண்டுகளை 10–15 கூறுகளாகக் குறைத்துவிட்டு ஓட்டவும்.

வாசலைத் தாண்டிய ஒவ்வொரு குறிக்கும் நுணுக்கக் கேமராவின் துண்டுப்படத்தை அருகில் திறந்து பாருங்கள். தார்ப்பாய், வாகனம், தகரக் கூரை எல்லாம் அங்கேயே கழிந்துவிடும். மீதியைத் தரைக்குழுவுக்கு அனுப்பும்போது ஆயத்தொலைவுடன் பிழை வட்டத்தையும் மீட்டரில் எழுதுங்கள். எந்த ஆயமுறை, எந்த வடிவம் என்பது புறப்படும் முன்பே ஒத்துக்கொண்டதாக இருக்கட்டும். தேடிய பகுதியின் வரைபடத்தில் மேக நிழல், மலை நிழல், மரக்கூரை, பளபளப்பு விழுந்த இடங்களை வெட்டியெடுத்து, தேடப்படாதவை என்று தனி நிறத்தில் குறியுங்கள். அடுத்த குழு அங்கிருந்துதான் தொடங்கும்.