வார்டுக்குத் தண்ணீர்க் கணக்கு போடுவது எப்படி?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கோடையில் டேங்கர் லாரி ஓட ஆரம்பித்தால் "ஜனம் பெருகிப்போச்சு" என்பார்கள். அதை நம்பும் முன் வார்டுக்கு ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். எங்கள் அயல்கூட்டத்தில் (அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்த குடும்பஸ்ரீ குழுவில்) போடும் முறை இது.

முதலில் ஆட்கள். வாக்காளர் பட்டியல் உதவாது. அதில் குழந்தைகள் இருக்க மாட்டார்கள், திருப்பூரில் குடியேறியவர்கள் இருப்பார்கள், தோப்புக் கொட்டகையில் தங்கியிருக்கும் வடநாட்டுத் தொழிலாளிகள் இருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய் எழுதுவதே வழி. பூட்டிய வீட்டையும் குறியுங்கள். 2001 முதல் 2011 வரை கேரள மக்கள்தொகை 4.9 சதவீதம்தான் கூடியது; வீடுகளோ அதைவிட வேகமாகக் கூடின. வீட்டுக்கொரு போர் (ஆழ்துளைக் கிணறு) என்று ஆகிவிட்ட ஊரில் தலையை மட்டும் எண்ணி என்ன பயன்? எத்தனை போர் ஓடுகிறது என்பதற்கும் ஒரு பத்தி போடுங்கள்.

ஆளுக்குத் தினம் 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. 1,500 பேருக்கு வருடத்துக்குச் சுமார் 3 கோடி லிட்டர் வரும். பெரிதாகத் தெரிகிறதா? ஒரு போகம் நெல்லுக்கு ஏக்கருக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வையுங்கள். ஆறு ஏக்கர் வயல் ஒரே போகத்தில் கிட்டத்தட்ட அவ்வளவையும் குடித்துவிடும். (வயலில் நிற்கும் தண்ணீரில் கொஞ்சம் திரும்ப மண்ணுக்குள் இறங்கும், அதனால் நெல்காரர்மேல் பாய வேண்டாம்.)

அடுத்தது தென்னை. இங்கேதான் சண்டை வரும். கள்ளுக்குத் தென்னை விட்டிருக்கும் என் மச்சாண்டார் மரக்கணக்கை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார். 150 ஏக்கர், ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்குத் தினம் 40 லிட்டர், மழையில்லாத 200 நாள் என்று பெருக்கினால் 8 கோடி லிட்டரைத் தாண்டும். அப்புறம் மாடுகள்.

இனி வரவு. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் 4,047 லிட்டர். கேரளம் என்றால் 3,000 மில்லிமீட்டர் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் பாலக்காட்டில் கிழக்கே வர வர மழை மெலிந்துவிடும். அதனால் மாவட்டச் சராசரியை எடுக்காதீர்கள், பக்கத்தில் உள்ள மழைமானியின் அளவைக் கேட்டு வாங்குங்கள். 400 ஏக்கர் வார்டில் 1,000 மில்லிமீட்டர் பெய்தால் 162 கோடி லிட்டர். ஆனால் நம் பாறைப் பூமியில் நூற்றுக்கு எட்டு பங்கு கீழே இறங்கினால் அதிகம். ஆக 13 கோடி. அடுத்த வருடம் 700 மில்லிமீட்டர்தான் பெய்தது என்றால் வரவு 9 கோடியாகிவிடும். மனிதரும் தென்னையும் சேர்ந்தே 11 கோடிக்கு மேல் கேட்கிறார்கள்.

வாய்க்கால் பாயும் வார்டு என்றால் அந்தத் தண்ணீரைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். தமிழ்நாட்டோடு போட்ட 1970 பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்கு வருடம் 7.25 டிஎம்சி வர வேண்டும். எப்போது திறக்கிறார்கள் என்பது வேறு கதை.

கணக்கை ஒரே தாளில், தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, கிராமசபைக்கு ஒரு வாரம் முன்பே ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். கூட்டத்தில் போர் போடுவதைப் பற்றிப் பேச்சு எடுக்கும் முன், கொக்கர்ணிகளை (பாசனத்துக்கு வெட்டிய பெரிய குளங்களை) தூர்வாரும் வேலையைத் தொழிலுறுதித் திட்டத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.