டீவியில் படகு, கணக்கில் நாம்: பிரிட்டனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ வெம்பிளியிலோ ஓர் அறை பிடித்து, சிம் கார்டு வாங்கி, அரிசி பருப்பு எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகு ஒரு நாள் டீவியைப் போடுவீர்கள். ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் போட்டவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்த ரப்பர் படகு ஒன்று கடலில் வரும். மறுவாரமும் அதே படகுதான். நான் வந்த புதிதில், நமக்கென்ன, விசா வாங்கி விமானத்தில் வந்தவன்தானே என்று சேனலை மாற்றிவிடுவேன். அது தப்பு என்று புரியக் கொஞ்ச நாள் ஆனது.

இந்த ஊர்க்காரர்களின் எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். 2018-இல் சிறு படகுகளில் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவிலுள்ள ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வந்தவர்கள் 299 பேர். 2022-இல் அது 45,000-ஐத் தாண்டியது. 2024-இல் 36,816. 2025-இல் மறுபடி 41,000-க்கு மேல். நடுவில் ஒவ்வொரு அரசாங்கமும் இதோ நிறுத்திவிடுகிறோம் என்று சத்தியம் செய்தது. படகில் வருகிறவர்களை ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டாவுக்கு அனுப்புவோம் என்று 2022-இல் அறிவித்தார்கள். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. புதுச் சட்டம் போட்டுப் பார்த்தார்கள். 2024-இல் ஆட்சி மாறியதும் திட்டத்தையே கைவிட்டார்கள். கோடிக்கணக்கான பவுண்டு செலவழித்து, கடைசியில் ருவாண்டா போனது தாமாக ஒப்புக்கொண்ட 4 பேர். இதைப் பார்த்துக்கொண்டிருந்த வரி கட்டுகிற மனிதருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

அப்புறம் ஹோட்டல். அகதி விண்ணப்பம் போட்டவர்களைத் தங்கவைக்க 2023 வாக்கில் நாளொன்றுக்குச் சுமார் 80 லட்சம் பவுண்டு போனது. காலை 8 மணிக்கு டாக்டர் அப்பாயிண்ட்மெண்டுக்குப் போன் போட்டு, வரிசையில் 30-ஆவது ஆள் என்று கேட்டுக்கொண்டு காத்திருப்பவர், உள்ளாட்சி குறைந்த வாடகைக்குத் தரும் கவுன்சில் வீட்டுக்கு வருடக்கணக்காகப் பதிந்து வைத்திருப்பவர், இவர்கள் கண்ணில் அந்த ஹோட்டல் உறுத்துகிறது. உள்ளே இருப்பவருக்கோ முதல் ஒரு வருடம் வேலை பார்க்க அனுமதி கிடையாது. சாப்பாடு போடும் ஹோட்டல் என்றால் கைச்செலவுக்கு வாரம் 10 பவுண்டுகூட இல்லை. இது டீவியில் அவ்வளவாக வராது.

2025 கோடையில் எப்பிங் என்ற சின்ன ஊரில் அப்படியொரு ஹோட்டல் முன்னால் தொடங்கிய போராட்டம் பல ஊர்களுக்குப் பரவியது. விளக்குக் கம்பங்களில் இங்கிலாந்துக் கொடி ஏறியது. செப்டம்பர் 13-ஆம் தேதி மத்திய லண்டனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊர்வலம் போனார்கள். கொடி கட்டிய தெருவையெல்லாம் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கால்பந்துக்குக் கட்டுபவரும் உண்டு, ஊர்ப் பாசத்தில் கட்டுபவரும் உண்டு, நம்மைப் பார்த்து முறைக்கவே கட்டுபவரும் உண்டு. ஆர்ப்பாட்டம் நடக்கும் நாளில் அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள், அது போதும்.

வதந்தி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். 2024 ஜூலையில் சவுத்போர்ட் என்ற ஊரில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபோது, கொன்றவன் படகில் வந்தவன் என்று செய்தி பறந்தது. அவன் பிரிட்டனிலேயே, கார்டிஃப் நகரில் பிறந்தவன். அதற்குள் ஊர் ஊராகக் கலவரம். ராதர்ஹாம் பக்கத்தில் ஆட்கள் உள்ளே இருக்கும்போதே ஒரு ஹோட்டலுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். அந்த வாரம் நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதே செய்தியை நாலு பேர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"நாம முறையா வந்தவங்க, அவங்க வேற" என்று நம்மவர்கள் பேசுவதை அடிக்கடி கேட்பீர்கள். நானும் பேசியிருக்கிறேன். காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே ஒருநாள் இப்படிச் சொன்னபோது, கல்லாவில் இருந்த யாழ்ப்பாணத்து ஐயா தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாங்களும் உப்பிடித்தான் தம்பி வந்தனாங்கள்" என்றார். மிச்சச் சில்லறையைக் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அவர் சொன்னதில் வரலாறு இருக்கிறது. காமன்வெல்த் நாடுகளில் பிரிட்டன் முதன்முதலாக விசா கட்டாயம் ஆக்கியது இலங்கைக்குத்தான், 1985-இல், தமிழர்கள் தஞ்சம் கேட்டு வந்ததால். 1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் இறங்கிய தமிழ் அகதிகளைத் திருப்பி அனுப்பப் பார்த்தபோது, சிலர் விமான ஓடுபாதைப் பக்கம் உடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினார்கள். சரியான தாள் இல்லாத பயணியை ஏற்றி வரும் விமானக் கம்பெனிக்குத் தலைக்கு 1,000 பவுண்டு அபராதம் என்று அதே வருடம் சட்டம் வந்தது. இன்று சென்னை, கொழும்பு கவுண்டரில் உங்கள் பாஸ்போர்ட்டை இரண்டு முறை புரட்டுகிறார்களே, அதற்கு வேர் அங்கே இருக்கிறது. 2021-இல் கனடா போகப் புறப்பட்ட ஈழத் தமிழர்களின் படகு, இந்தியப் பெருங்கடலில் அப்போது பிரிட்டன் கையிலிருந்த டியேகோ கார்சியா தீவில் ஒதுங்கியது. அவர்களில் பெரும்பாலானோர் பிரிட்டனுக்குள் வர 2024 டிசம்பர் ஆனது.

இன்னொரு கணக்கும் உண்டு. வந்தவர்களில் போனவர்களைக் கழித்தால் 2023 வாக்கில் ஒரு வருடத்தில் மிஞ்சியது 9 லட்சத்துக்கும் மேல். அதில் படகு மிகச் சிறு பங்கு. மற்றதில் பெரும்பங்கு மாணவர், முதியோர் பராமரிப்பு, ஐடி, நர்ஸ், அவர்கள் குடும்பம். அதாவது நாம். ஆகவே கோபம் படகின் மேல் எழுந்தாலும் விதி இறுகுவது நமக்கு. 2024-இல் பெரும்பாலான மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவரும் வழி அடைபட்டது. 2025 ஜூலையில் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது நின்றது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

இப்போது கையில் விசா அட்டை கிடையாது, எல்லாம் ஈ-விசா. வேலை கொடுப்பவருக்கும் வீட்டுக்காரருக்கும் காட்ட அரசாங்கத் தளத்திலிருந்து ஷேர் கோடு, அதாவது உங்கள் விசா நிலையை அவர்கள் பார்க்க உதவும் குறியீடு, எடுத்துக் கொடுக்க வேண்டும். அது 90 நாள் செல்லும். வேலைக்கான கோடு டபிள்யூ எழுத்தில் தொடங்கும், வீட்டுக்கானது ஆர் எழுத்தில். மாற்றிக் கொடுத்துவிட்டு, ஏன் அழைக்கவில்லை என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பாஸ்போர்ட் புதுப்பித்தால் புது எண்ணை உடனே உங்கள் ஈ-விசா கணக்கில் ஏற்றுங்கள். நான் ஏற்றாமல் ஊருக்குப் போய், திரும்பும்போது சென்னை விமான நிலையத்தில் 2 மணி நேரம் வியர்த்து நின்றேன்.

வேலை கொடுப்பவர் ஏன் இவ்வளவு கிராஸ் செக் செய்கிறார் என்று முகம் சுளிக்க வேண்டாம். அனுமதி இல்லாத ஓர் ஆளை வைத்திருந்தால் முதல் முறையே 45,000 பவுண்டு வரை அபராதம், மறுபடி சிக்கினால் 60,000 வரை. 2024 பிப்ரவரியில் இதை மூன்று மடங்காக்கினார்கள்.

மாணவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. பட்டப்படிப்பு என்றால் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம், அவ்வளவுதான். சாப்பாடு டெலிவரி செய்யும் ஆப் வேலை சுயதொழில் கணக்கில் வருவதால் மாணவர் விசாவில் அது அறவே கூடாது. "என் அக்கவுண்டை வாரத்துக்கு இவ்வளவுன்னு வாடகைக்குத் தர்றேன், ஓட்டிக்கோ தம்பி" என்று ஒரு அண்ணன் வருவார். நல்லவராகத்தான் இருப்பார். மாட்டினால் ஊருக்கு விமானம் ஏறப்போவது நீங்கள்.

விசா முடியும் தறுவாயில், "அசைலம் போட்டுவிடு, நான் எழுதித் தருகிறேன்" என்று ஆலோசனை விற்பவர்களும் இருக்கிறார்கள். உண்மையான ஆபத்து இருப்பவர் தஞ்சம் கேட்பது அவரது உரிமை. இல்லாததை எழுதிக் கொடுத்தால் அந்தப் பொய் உங்கள் கோப்பிலேயே கிடக்கும். சொலிசிட்டரிடம் (வழக்கறிஞரிடம்) போங்கள், அல்லது குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிந்தவரா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பதிவில்லாமல் இந்தத் தொழில் செய்வதே குற்றம்.

வேலை பார்க்கும் கடைக்குக் குடிவரவு அதிகாரிகள் வந்தால் ஓடாதீர்கள், உங்களிடம் எல்லாம் சரியாக இருக்கும்போது ஓடினால்தான் சந்தேகம். தெருவில் நடக்கப் பாஸ்போர்ட் தூக்கிப் போக வேண்டியதில்லை. வீட்டுக் கதவைத் தட்டினால், வாரண்ட் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்கலாம். யாராவது பஸ்ஸில் "ஊருக்குப் போ" என்று கத்தினால் பதில் பேசாமல் டிரைவர் பக்கம் நகருங்கள். மிரட்டலாக இருந்தால் போலீஸுக்கு 999, முடிந்துபோன விஷயம் என்றால் 101. புகார் கொடுத்தால் விசா கெடும் என்பது நம்மூர்ப் பயம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: முறையான விசாவில் இங்கே வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்குக் காமன்வெல்த் கணக்கில் ஓட்டு உண்டு, பொதுத்தேர்தலிலும்கூட. குடியுரிமை வரும்வரை காத்திருக்க வேண்டாம், முகவரி கிடைத்ததும் இணையத்தில் பதியலாம், ஐந்து நிமிட வேலை. ஓட்டுச்சாவடியில் போட்டோ அடையாளம் கேட்பார்கள். உங்கள் பாஸ்போர்ட்டே செல்லும்.