ஆன்லைன் வகுப்பில் பேசாமல் இருந்தால் வராத மாதிரிதான்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து அமெரிக்கா வந்து, கல்லூரியில் ஆன்லைன் வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் கணவர், மனைவி, பிள்ளைகளுக்கான விசா) வந்து பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) சேர்பவர்கள் பலர். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

நம் ஊர்க் கல்லூரியில் நல்ல மாணவி நேரத்துக்கு வருவாள், வாய் திறக்காமல் நோட்ஸ் எடுப்பாள், செமஸ்டர் தேர்வு நெருங்கும்போது ராத்திரி பகலாகப் படிப்பாள். அதே பழக்கத்தோடு இங்கே ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தால் முதல் மாதத்திலேயே பின்தங்கிவிடுவோம். இங்கே வாய் திறக்காதவர் வகுப்புக்கே வராதவர். வெறுமனே லாகின் செய்வது வருகை ஆகாது என்று மத்திய அரசின் கல்வி உதவித்தொகை விதிகளே சொல்கின்றன. அசைன்மென்ட் கொடுப்பது, வினாடி வினா எழுதுவது, விவாதத்தில் பங்கெடுப்பது, பாடத்தில் சந்தேகம் கேட்பது, இவைதான் கணக்கு.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆன்லைன் விவாதப் பகுதியில் வாரம்தோறும் ஒரு கேள்வி வரும். புதன்கிழமைக்குள் நம் பதிலை எழுத வேண்டும், ஞாயிறுக்குள் சக மாணவர் இரண்டு பேருடைய பதிலுக்கு மறுமொழி எழுத வேண்டும். முதல் வாரம் மறுமொழியாக "நல்லா எழுதியிருக்கீங்க, எனக்கும் இதே கருத்துதான்" என்று மட்டும் இரண்டு பேருக்கும் எழுதினேன். அந்தப் பகுதிக்குப் பூஜ்யம். மரியாதையாக எழுதினோமே என்று அழுகையே வந்துவிட்டது. ஆசிரியர் எதிர்பார்த்தது வேறு: அந்தச் சக மாணவர் சொன்னதில் எந்த வரி உங்களுக்குப் பிடித்தது, எங்கே மாறுபடுகிறீர்கள், பாடத்தில் எந்தப் பக்கம் அதற்குத் துணை. நான்கைந்து வரி போதும், ஆனால் சரக்கு இருக்க வேண்டும்.

அப்புறம் சிலபஸ். நம்மூரில் சிலபஸ் என்றால் பாடப் பகுதிகளின் பட்டியல். இங்கே அது ஒப்பந்தப் பத்திரம் மாதிரி. எதற்கு எத்தனை மதிப்பெண், தாமதமானால் எவ்வளவு குறையும், தேர்வில் கேமரா உண்டா, சாட்ஜிபிடி பயன்படுத்தலாமா, எல்லாம் அதில் இருக்கும். முதல் நாளே முழுவதும் படித்து, தேதிகளை ஃபோன் காலண்டரில் ஏற்றிவிடுங்கள். புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதினால் ஊரில் மதிப்பெண் கிடைக்கும். இங்கே எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாவிட்டால் அது திருட்டு.

ஆசிரியருக்குக் கல்லூரி மின்னஞ்சலிலிருந்துதான் எழுத வேண்டும். தலைப்பில் பாட எண் இருக்கட்டும். "எனக்குப் புரியவில்லை" என்று எழுதாமல், "மூன்றாம் கணக்கில் இரண்டாவது படி புரியவில்லை" என்று எழுதுங்கள். தொல்லை கொடுக்கிறோமோ என்ற தயக்கம் வேண்டாம்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழுநேரப் படிப்புக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம், அதாவது 3 கிரெடிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு) வரைதான் சேரும். இளங்கலைக்குக் குறைந்தது 12 கிரெடிட் வேண்டும் என்பதால் மற்றவற்றை நேரில் எடுக்க வேண்டும். பதிவு செய்யும் முன்பே கல்லூரியின் டிஎஸ்ஓவிடம் (வெளிநாட்டு மாணவர்களின் விசா விஷயங்களைப் பார்க்கும் அலுவலர்) கேட்டுவிடுங்கள், இது விசா விஷயம். ஹெச்-4இல் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

கோடையில் ஊருக்குப் போய் அங்கிருந்தபடியே ஒரு பாடத்தை முடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் பாருங்கள். 3 கிரெடிட் பாடத்துக்கு வாரம் சுமார் 9 மணி நேரம், 15 வாரத்துக்கு 135 மணி. அதையே 6 வாரக் கோடை வகுப்பாக எடுத்தால் வாரம் 22 மணிக்கு மேல் போகும். கல்யாண வீடும் திருவிழாவும் இருக்கிற மாதத்தில் அது லேசான காரியம் இல்லை.

கெடு நேரமும் கல்லூரி இருக்கும் ஊரின் நேரம்தான். நியூ ஜெர்சியில் ஞாயிறு இரவு 11:59 என்றால் கோடையில் நம் ஊரில் திங்கள் காலை 9:29. நவம்பரில் கடிகாரம் மாற்றிய பிறகு 10:29. ஒரு ஜூன் மாதம் தக்கலையில் அம்மா வீட்டில் இருந்தேன். திங்கள் காலை ஒன்பது மணிக்குக் கட்டுரையை ஏற்றப் போனேன். வெளியே நல்ல மழை. "மக்ளே, கரண்டு போச்சு" என்று அடுக்களையிலிருந்து அம்மா குரல். வைஃபை போனது, ஃபோனில் ஒரு கோடு சிக்னல். மாடிப்படியில் நின்று ஹாட்ஸ்பாட் போட்டு அனுப்பி முடித்தபோது மணி 9:26. இப்போதெல்லாம் ஊரிலிருந்தால் சனிக்கிழமை ராத்திரியே அனுப்பிவிடுகிறேன்.