பதினைந்து வயது தாண்டிய பிக்கப்பை வீட்டு வாசலிலேயே பராமரிப்பது எப்படி?

என்னுடைய பிக்கப் 2009ஆம் ஆண்டு வாங்கியது. குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதுதான் அதன் வேலை. நம் ஊரில் சரக்கு வண்டிக்கு 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்தாக வேண்டும் என்பதால், பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பலர் அந்த ஒரு மாதத்தில் மட்டும் வண்டியின் அடியில் குனிந்து பார்க்கிறார்கள். மீதி 11 மாதங்களும் வீட்டிலேயே என்ன செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பொலிரோ பிக்கப், டாடா 207 போன்று டீசல் இன்ஜினும், பின் சக்கரத்துக்கு ஜாயிண்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் சுழல் தண்டு) வழியாகப் போகும் இழுவையும், பட்டை ஸ்பிரிங்கும் கொண்ட வண்டிகளை மனத்தில் வைத்துக்கொண்டே சொல்கிறேன். அளவுகளில் சந்தேகம் வந்தால் உங்கள் வண்டியின் கையேடு சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டியைத் தூக்கும் முறை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே உரியது. தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும். கெட்டியான சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, தரையிலேயே இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பிறகுதான் ஜாக்கியைத் தொட வேண்டும். ஹாலோ பிளாக்கையும் செங்கல்லையும் ஒருபோதும் முட்டுக் கொடுக்காதீர்கள். அவை நசுங்கி எச்சரிக்காமல் ஒரே நொடியில் உடைந்துவிடும். கழற்றிய சக்கரத்தை, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கு அடியில் படுக்கவைத்துவிட்டு வேலை செய்வது என் வழக்கம். ஸ்டாண்ட் நழுவினாலும் வண்டிக்கும் தரைக்கும் நடுவில் உயிர் தப்ப இடம் மிஞ்சும்.

பழைய வண்டியில் நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம், அளந்து பார்க்காமல் பாகம் வாங்கக் கூடாது என்பதே. சில ஆண்டுகளுக்கு முன் காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் ஒரு முறை 'டக்' என்று தட்டிவிட்டு நின்றுவிடும். பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிய பேட்டரி வாங்கினேன். ஒரு வாரம் ஓடியது. மறுபடியும் அதே 'டக்'. ஸ்டார்ட்டரைக் கழற்றிக் கடையில் கொடுத்து, புஷ்ஷும் கார்பனும் மாற்றி வாங்கி வந்தேன். மூன்றாவது வாரம் மழை பெய்த மறுநாள் காலையில் அதே கதை. கடைசியில் மல்டிமீட்டரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு, மகனைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டுக்கும் குறைவாகக் காட்ட வேண்டிய இடத்தில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பின்னல் எர்த் கம்பி, போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்துப் பாதி அறுந்து கிடந்தது. அதை மாற்ற ஆன செலவு, பேட்டரிக்குக் கொடுத்ததில் ஒரு சிறு துண்டு.

ஆகவே மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். இரவு முழுதும் நின்ற வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டினால் முழு சார்ஜில் இருக்கிறது என்று பொருள், 12.2 காட்டினால் பாதிதான் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். 15ஐத் தொட்டால் ரெகுலேட்டர் கெட்டுப் பேட்டரி கொதித்துக்கொண்டிருக்கிறது. பல டீசல் வண்டிகளில், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கான வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே அமர்ந்திருக்கும். அதற்கு இன்ஜின் ஆயில் ஒரு சிறு ஹோஸ் வழியாகப் போய்த் திரும்பும். அந்த ஹோஸ் வெடித்தால் இன்ஜின் ஆயில் முழுதும் சாலையில் போய்விடும் என்பதால், ஆல்டர்னேட்டரைப் பார்க்கும் கையோடு ஹோஸையும் மடக்கி விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மலை வண்டிக்காரர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைப்பவர்கள் அதிகம். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி நன்றாக இருந்தால் வெறும் தண்ணீர்கூடச் சமவெளியில் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. அதே மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் பிடிக்காமல் போனால், 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட் திறந்து இன்ஜின் தன் இயல்பான சூட்டில் ஓடும்போதே அந்த அளவை நெருங்கிவிடும். கீழே ஒழுங்காக ஓடும் வண்டி மேலே போய்ப் பொங்கினால், ரேடியேட்டரைக் கழற்றுவதற்கு முன் மூடியை மாற்றிப் பாருங்கள்.

போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். குழாய்களுக்குள் சுண்ணாம்பு படிந்துவிடும். வெளியே எவ்வளவு கழுவினாலும் அது போகாது. கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றினால், கொதிநிலை உயர்வதோடு உள்ளே துருவும் பிடிக்காது. வடித்த பழைய கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டு வைக்கக் கூடாது. இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், அது கொடிய விஷம். வண்டி பொங்கி நின்றுவிட்டால் மூடியைத் தொடாமல் முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஹெட்டில் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பகுதி) விரிசல் விழுந்த வண்டிகள் எத்தனையோ உண்டு. குளிர்ந்த இன்ஜினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்தவுடன் ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தாலோ, ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்; அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

இன்ஜின் ஆயில் மாற்றுவது எல்லாருக்கும் தெரிந்த வேலை. ஒன்றே ஒன்று: பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள். இரண்டு வளையம் சேர்ந்துவிட்டால் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களில் ஆயில் பீய்ச்சி அடிக்கும்.

டீசல் ஃபில்டரை மாற்றும்போது உள்ளே காற்று புகுவது இயல்பு. புதிய ஃபில்டரில் சுத்தமான டீசலை நிரப்பி மாட்டி, மேலே இருக்கும் ஏர் ஸ்குருவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கைப் பம்ப்பை நிதானமாக அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழியும் டீசலும் கலந்து வரும், கடைசியில் குமிழியே இல்லாத டீசல் வழியும். அப்போது பம்ப்பும் கையில் கனக்கத் தொடங்கும். அந்த நிலையில் ஸ்குருவை இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில், எந்தச் சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்க்க இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவது மெக்கானிக்குகளின் பழக்கம். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் இதைக் கனவிலும் செய்யாதீர்கள். அங்கே அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். ஊசி முனை அளவுத் தாரைகூடத் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். காயம் எறும்புக் கடி போலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஆபத்து அது.

பிரேக்குக்கு வருவோம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம். சுமையோடு இரண்டரை டன் எடையுள்ள வண்டி அந்த உயரத்தைப் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், அதில் பிறக்கும் வெப்பம் 14 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து முழுதும் ஆவியாக்கப் போதுமானது. அதனால்தான் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி வழியெல்லாம் பலகை வைத்திருக்கிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழிகள் உண்டாகி, பெடல் பஞ்சுபோல அமுங்கிப் போகும். எனவே 2 ஆண்டுக்கு ஒருமுறை, நிறம் எப்படி இருந்தாலும், முழுதும் மாற்றிவிடுங்கள்.

இதற்கு இரண்டு பேர் தேவை. முந்தின நாள் மாலையே, பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றச் சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கும் நான்கு நிப்பிள்களிலும் (திருகுகள்) துரு இளக்கும் எண்ணெயை விட்டு வைத்து, மறுநாள் ரிங் ஸ்பேனரால் மட்டும் திருப்புங்கள். வாய் திறந்த ஸ்பேனர் மூலைகளை மழுக்கிவிடும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள இடப்புறப் பின் சக்கரத்தில் தொடங்கி, வலப்புறப் பின் சக்கரம், இடப்புற முன் சக்கரம், வலப்புற முன் சக்கரம் என்று வர வேண்டும். நிப்பிளில் ஒளி ஊடுருவும் டியூபை மாட்டி, அதன் மறு முனையைப் பிரேக் ஆயில் சிறிதளவு இருக்கும் பாட்டிலில் மூழ்க விடுங்கள். எங்கள் வீட்டில் பெடலில் மகன், அடியில் நான். "மிதி" என்பேன், "மிதிச்சுட்டேன்ப்பா" என்று பதில் வந்த பிறகுதான் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பேன். பெடல் தரை தட்டியதும் நிப்பிளை மூடிவிட்டு "விடு" என்று சொல்லும்வரை அவன் காலை எடுக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். ஒருமுறை அவன் கைப்பேசி அடித்ததும் காலை எடுத்துவிட்டான். டியூபில் இருந்த காற்று முழுதும் உள்ளே இழுபட்டு, அந்தச் சக்கரத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. மேலே உள்ள டப்பாவில் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பிறகு இன்ஜினை அணைத்து, பெடலை ஐந்தாறு முறை மிதித்து, மிதித்தபடியே வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்கினால் பூஸ்டரும் வேக்கமும் சரி. அசையாமல் நின்றால் அவை வேலை செய்யவில்லை. அதற்கு மாறாக, எங்கும் ஒழுகல் இல்லாமலே, அழுத்திப் பிடித்த பெடல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டரின் உள் வாஷர் தேய்ந்திருக்கிறது. பின் டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள்.

கீழே இருக்கும்போதே ஸ்பிரிங் பட்டைகளையும் பாருங்கள். பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் உடைந்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்து, வண்டி நண்டுபோலச் சாய்வாக ஓடும். பட்டையின் முன் முனை சேஸிஸில் மாட்டியிருக்கும் இடத்திலிருந்து ஆக்ஸில் நடுவரை இருபுறமும் டேப் பிடித்தால் தெரிந்துவிடும். பட்டைகளை ஆக்ஸிலோடு இறுக்கும் யு போல்ட்டைக் கழற்றி மாட்டியிருந்தால், முதல் லோடு அடித்துத் திரும்பியதும் மறுபடி இறுக்க வேண்டும்; பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அமர்வதால் நட்டு தானாகவே தளர்ந்திருக்கும். முறிந்த பட்டைக்கு வெல்டிங் வைப்பவர்களை நம்பாதீர்கள். அந்தச் சூட்டில் எஃகின் பதம் போய்விடும்.

கிளட்ச்சை விடும்போது அடியில் 'டக்' என்று ஒலித்தால் ஜாயிண்ட் கிராஸ் (ஜாயிண்ட்டின் முனையில் இருக்கும் சிலுவை வடிவ இணைப்பு) தேய்ந்திருக்கக்கூடும். கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸுக்கு, அதன் நான்கு முனைகளில் உள்ள கப்பிலும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்தக் கப்பில்தான் தேய்மானம் நடக்கிறது. ஜாயிண்ட்டைக் கழற்றுவதற்கு முன், போல்ட்டால் ஒன்றோடொன்று சேரும் இரு ஃபிளாஞ்சிலும் சேர்த்துப் பெயின்டால் ஒரு கோடு போட்டு, திரும்ப அதே கோட்டில் மாட்டுங்கள். இல்லையென்றால் 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி முழுதும் அதிரும்.

துரு பெரும்பாலும் பாடியும் சேஸிஸும் சேரும் இடத்தில்தான் பிடிக்கிறது. நடுவில் வைத்த மரக்கட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கழுவிய கேரட் ஏற்றும் வண்டியில் இந்த ஈரம் காய்வதே இல்லை. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்று ஒலிக்கும் இடத்தில் உலோகம் கெட்டியாக இருக்கிறது. 'தொப்' என்று ஒலித்தால் ஒயர் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்து, மேல் துருவாக இருந்தால் ரெட் ஆக்சைடு அடித்துப் பெயின்ட் பூசுங்கள். சேஸிஸில் ஓட்டையோ விரிசலோ கண்ணில் பட்டால் அது வீட்டு வேலையில் சேராது.

வீட்டு வேலையில் சேராதவை இன்னும் சில உண்டு. டீசல் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் சோதிக்கத் தனி மேடை வேண்டும். ஹெட்டைச் சமதளமாகத் தேய்க்கவும் டிரம்மைக் கடையவும் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஆனால் டிரம்மை நீங்களே கழற்றிக் கையில் கொண்டுபோனால் கடைசல் கூலி மட்டுமே ஆகும். கொடுப்பதற்கு முன் டிரம்மின் வெளிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். அதிகபட்ச விட்டம் பெரும்பாலும் மில்லிமீட்டரில் வார்ப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கடைந்து முடித்ததும் அந்த எண்ணைத் தாண்டிவிடும் என்று லேத்காரர் சொன்னால், கடையாமல் புது டிரம்மை, அதுவும் இருபுறத்துக்கும் ஜோடியாக, வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.