‘இஷ் அவுக்’ (நானும்) எல்லா இடத்திலும் செல்லாது: ஜெர்மன் மரியாதைப் பதில்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியில் கடையில் பணம் கட்டி முடித்ததும் கல்லாவில் இருப்பவர் “ஷோனன் டாக் நோக்!” என்பார். மீதி நாள் நன்றாகப் போகட்டும் என்ற வாழ்த்து. புதிதாக மொழி படிக்கிறவர்கள் பலர் உடனே “ஸீ அவுக்!” என்று திருப்பிச் சொல்வார்கள். அதற்கு ‘நீங்களும்’ என்று அர்த்தம். கேட்பவருக்குப் புரிந்துவிடும், ஆனாலும் தவறுதான். வர வேண்டியது “ஈனன் அவுக்”, அதாவது ‘உங்களுக்கும்’.

அந்த வாழ்த்துக்கு முன்னால் ‘உங்களுக்கு வாழ்த்துகிறேன்’ என்ற பகுதி சொல்லப்படாமல் நிற்கிறது. பதில் அதோடு ஒட்ட வேண்டும். நெருங்கிய நண்பர் என்றால் “டியர் அவுக்”, நண்பர்கள் கூட்டம் என்றால் “ஒய்ஷ் அவுக்”. யாருக்கு எது என்று குழம்பினால் “டாங்கே, கிளைஷ்ஃபால்ஸ்” (நன்றி, அதேபோல) போதும், எல்லோருக்கும் பொருந்தும். வாழ்த்தை நீங்களே முதலில் சொல்வதானால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஜெர்மனில் பெயர்ச்சொற்களுக்குப் பால் உண்டு. ‘டாக்’ (நாள்) என்பது ‘டேர்’ சொல், அதாவது ஆண்பால், அதனால் ‘ஷோனன்’. வார இறுதியைக் குறிக்கும் ‘வோகனெண்ட’ ஒரு ‘டாஸ்’ சொல், அதாவது ஆணும் பெண்ணும் அல்லாத பால், அங்கே ‘ஷோனஸ்’ என்று மாறும்.

இதே வழுக்கல்தான் நலம் விசாரிப்பிலும். “வீ கேட் எஸ் ஈனன்?” என்று கேட்டால் “டாங்கே, கூட். உன்ட் ஈனன்?” என்று திருப்பிக் கேட்க வேண்டும். “உன்ட் ஸீ?” என்பது பெயரோ ஊரோ கேட்டவரிடம் திருப்பிக் கேட்பதற்கு. “இஷ் பின் கூட்” என்றும் சொல்ல வேண்டாம். அது ‘நான் கெட்டிக்காரன்’ என்பதுபோல ஒலிக்கும்.

ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே ‘மீ டூ’. அதை மனதில் வைத்துக்கொண்டு ஜெர்மன் பேசினால் எப்போதும் “இஷ் அவுக்”தான் வரும். தமிழில் யோசித்தால் பாதி வேலை முடிந்தது. நானும் என்றால் “இஷ் அவுக்”, எனக்கும் என்றால் “மியர் அவுக்”, என்னையும் என்றால் “மிஷ் அவுக்”. குளிர்கிறது என்று ஒருவர் “மியர் இஸ்ட் கால்ட்” என்றால், நீங்கள் “மியர் அவுக்”.

ஆனால் தமிழை முழுசாக நம்பிவிடவும் கூடாது. நமக்கு ‘எனக்குப் பசிக்கிறது’. ஜெர்மன்காரர் சொல்வதோ “இஷ் ஹாபெ ஹுங்கர்”, பசியைக் கையில் வைத்திருப்பதுபோல! அதற்குப் பதில் “இஷ் அவுக்” மட்டுமே. எதிராளியின் வாக்கியத்தில் அவர் தன்னை எப்படிச் சொல்கிறாரோ, அதே வேற்றுமையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இல்லை என்று சொல்லியிருந்தால் உங்கள் பதிலிலும் ‘நிஷ்ட்’ வேண்டும்: “இஷ் அவுக் நிஷ்ட்”.

நம்மவர்களை அதிகம் மாட்டிவிடுவது எதிர்மறைக் கேள்வி. “நீங்க வரலையா?” என்றால் நாம் “ஆமாம், வரலை” என்போம். ஜெர்மனில் அந்த இடத்தில் “யா” (ஆமாம்) சொன்னால் கேட்டவர் குழம்பிப்போவார். வரவில்லை என்றால் “நைன்”. வருகிறேன் என்றால் “டோக்!”. கேள்வியில் உள்ள இல்லையை மறுக்கவே இருக்கும் சொல் இது. முதல் வாரத்திலேயே பழகிக்கொள்வது நல்லது.

அப்புறம் ‘டாங்கே’. காபி வேண்டுமா என்று கேட்கும்போது வெறும் “டாங்கே” சொன்னால், பெரும்பாலும் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றால் “யா, பிட்டே” அல்லது “யா, கெர்ன்”. உணவகத்தில் பரிமாறுபவரிடம் நோட்டை நீட்டும்போதும் வாயை அடக்குங்கள். அங்கே “டாங்கே” என்றால் மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்ற அர்த்தம் வந்துவிடும். சில்லறை கைக்கு வந்த பிறகு தாராளமாகச் சொல்லலாம்.