பாடவேளைக்குள் மனவடுவைத் திறக்காதீர்கள்: இ.எம்.டி.ஆர் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சி முடித்துவிட்டு வரும் இளம் உளவளத்துணையாளர்களோடு திருகோணமலையில் உட்காரும்போதெல்லாம், நாங்கள் தொடக்கத்தில் விட்ட அதே பிழைகளைத் திரும்பப் பார்க்கிறேன். ரகசியம் காப்பது, போனை அணைத்து வைப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அதைக்கூடச் சொல்ல வேண்டியவர் இ.எம்.டி.ஆர் சிகிச்சையைத் தொடவே கூடாது.

புதிதாக வாசிக்கிறவர்களுக்குச் சுருக்கமாக: இ.எம்.டி.ஆர் என்பது கண்ணசைவின் துணையோடு மனவடுவின் வேதனையைக் குறைக்கும் சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாபிரோ 1987இல் கவனித்த ஒன்றிலிருந்து வளர்ந்த முறை இது. அவருடைய முதல் ஆய்வு 1989இல் வந்தது. பிள்ளை தன்னை உறுத்தும் நினைவை மனதில் பிடித்தபடி, சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமுமாகப் போவதைக் கண்ணால் தொடர வேண்டும். ஒரு சுற்றுக்குச் சுமார் 24 அசைவுகள். ஒரே நேரத்தில் இரண்டையும் பிடித்து வைக்க மனதுக்கு இடம் போதாமல் நினைவின் கூர்மை மழுங்குகிறது என்பது பலரும் ஏற்கும் ஒரு விளக்கம். நினைவு அழியாது, அதன் கடுமைதான் குறையும். சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் இது பொருந்தும் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது.

மொத்தம் எட்டுக் கட்டங்கள். கண்ணசைவு வருவது நாலாவதில்தான். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

மணி அடிப்பதற்குள் முடித்துவிடலாம் என்று நினைப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

பாடசாலையில் ஒரு பாடவேளை ஒரு மணி நேரம்கூட இல்லை. ஒரு புதியவர், கெட்டிக்காரர்தான், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பாடத்தின் நடுவில் கூப்பிட்டு எடுத்தார். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) தகப்பனோடு மோட்டார் சைக்கிளில் போனபோது நடந்த விபத்து. வரலாறு கேட்டு, ஆயத்தம் செய்து, பிள்ளை தன்னைத் தானே அமைதிப்படுத்தப் பழக்கியிருக்க வேண்டிய நாட்களை அவர் தாண்டிவிட்டார். நேரே விரலை அசைக்கத் தொடங்கினார். பையன் அழுதான், உடம்பு நடுங்கியது, படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்த நேரம் மணி அடித்தது. "சரி தம்பி, மிச்சத்தை அடுத்த கிழமை பார்ப்பம்."

பையன் கணக்குப் பாடத்துக்குப் போனான். அங்கே அவன் எப்படி இருந்தான் என்று யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சத்தி எடுத்தான். அடுத்த கிழமை வரவில்லை. "இனி அனுப்ப மாட்டன்" என்று தாய் சொல்லிவிட்டார். சொன்னது நியாயம்தான். அந்தப் பிள்ளை இன்னொருவர் முன்னால் வந்து உட்கார மாதக்கணக்கானது.

இதைப் பற்றி அந்தப் புதியவரிடம் கேட்டபோது வந்த பதில்தான் என்னை இன்னும் உறுத்துகிறது: "ஆனா மிஸ், ஒன்பதிலிருந்து ஆறுக்கு இறங்கிச்சே." வேதனையைப் பூச்சியத்திலிருந்து பத்துவரை அளக்கும் அளவுகோலைச் சொல்கிறார். இறங்கிய மூன்று அவர் கண்ணுக்குத் தெரிந்தது. மிஞ்சிய ஆறோடு பிள்ளை வகுப்புக்குப் போனது தெரியவில்லை.

ஓர் அமர்வுக்கு 60 முதல் 90 நிமிடம் வேண்டும். அதிபரோடு பேசி இரட்டைப் பாடவேளை வாங்குங்கள், இல்லாவிட்டால் சனிக்கிழமை வரச் சொல்லுங்கள். இரண்டும் சரிவராவிட்டால் அன்றைக்கு அமைதிப் பயிற்சியோடு நிறுத்துங்கள், நினைவைத் தொட வேண்டாம். மூதூர், வெருகல் பக்கத்துப் பிள்ளையென்றால் திரும்பிப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று முதலே கேட்டுவிடுங்கள்.

கடைசிக் கால் மணி நேரம் மூடுவதற்கு மட்டும். நினைவு பாதியில் நின்றாலும் நிறுத்தத்தான் வேண்டும். மிச்சத்தை மனதுக்குள் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள், பாதங்களை நிலத்தில் ஊன்றச் சொல்லுங்கள், அறையில் கண்ணுக்குப் படும் பொருட்களைப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். இடையில் கனவோ புதுப் படமோ வரலாம் என்றும், வந்தால் ஒரு கொப்பியில் குறித்துவரலாம் என்றும் சொல்லி அனுப்புங்கள். அடுத்த அமர்வு அந்தக் கொப்பியில் தொடங்கட்டும்.

கடற்கரையைக் கற்பனை செய்யச் சொல்வது

மனதை அமைதிப்படுத்தப் பிள்ளை கற்பனை செய்யும் இடத்தைப் 'பாதுகாப்பான இடம்' என்போம். வெளிநாட்டுக் கையேடுகளில் அது என்றதும் பெரும்பாலும் கடற்கரைதான் வரும். இங்கே 2004 டிசம்பர் 26 சுனாமியை யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளையும் அந்தக் கதை கேட்டுத்தான் வளர்ந்தது. கடலில் உறவினரை இழந்த வீடுகளும் உண்டு. அதற்காக உப்புவெளிக் கடற்கரை எல்லாருக்கும் பயம் என்றும் இல்லை. சிலருக்கு அதுதான் மிகப் பிடித்த இடம். நீங்கள் தெரிவு செய்யாதீர்கள், பிள்ளையிடம் கேளுங்கள். அம்மம்மா வீட்டுத் திண்ணை, கிரிக்கெட் மைதானம், கோணேசர் கோயில் மேட்டுக் காற்று, எதுவும் வரலாம்.

பூச்சியத்தை நம்பிவிடுவது

நம் பிள்ளைகள் மிஸ்ஸைச் சந்தோஷப்படுத்த வளர்க்கப்பட்டவர்கள். "பூச்சியம் மிஸ்" என்று சொல்லும் வாயை விட்டுத் தோளையும் விரல்களையும் பாருங்கள். தலை முதல் கால்வரை உடம்பைக் கவனிக்கச் சொல்லும் கட்டம் இதற்குத்தான் இருக்கிறது. நேரம் போய்விட்டதென்று அதை வெட்டாதீர்கள்.

சுற்றுக்கு இடையில் துருவித் துருவிக் கேட்பது

"இப்ப என்ன வருது?" "சரி, அதோடயே போங்க." போதும்.

கண்ணையே பிடித்துக்கொண்டு நிற்பது

கண் வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்றால் கையில் மாறிமாறித் தட்டலாம். கைகளை மார்பில் குறுக்காக வைத்துத் தானே தட்டும் 'வண்ணத்துப்பூச்சி அணைப்பு' 1997இல் மெக்சிகோவின் அகபுல்கோவைப் பவுலின் புயல் தாக்கிய பிறகு பிள்ளைகளோடு வேலை செய்தபோது பிறந்தது. கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பிடிக்கிறது, யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லையே.

யூடியூப்பில் இடமும் வலமுமாக ஓடும் வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவது

வேண்டாம்.

அடி இன்னும் விழுந்துகொண்டிருக்கும்போது தொடங்குவது

வீட்டில் இன்றைக்கும் அடி விழுகிறது, அல்லது துன்புறுத்துகிறவர் பக்கத்து அறையில் இருக்கிறார் என்றால் முதல் வேலை பாதுகாப்பு. சிறுவர் உதவிக்கு 1929 இலக்கத்தை அழையுங்கள். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ, பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கோ போய்விட்டதுபோல் வெறித்துப் பார்த்தாலோ, விரலை இறக்கிவிட்டு அன்றைக்கே மனநல வைத்தியரிடம் அனுப்புங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்திலும் உதவி கேட்கலாம்.